நிழலில் சிக்கும் கல்!



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது விலாவைப் பிடித்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் துடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? டாக்டரிடம் போனால், "சிறுநீரகக் கல்லாக இருக்கும் போலிருக்கிறது. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்பார். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கல் வருவதுண்டு.

ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதுமே சில பிள்ளைகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பயமே வேண்டாம். இதில் ஊசி இல்லை, கத்தி இல்லை. அந்த இயந்திரம் செய்வது ஒரே வேலைதான்: உடம்புக்குள் ஒலியை அனுப்பிவிட்டு, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், பல சமயம் கல் நேரடியாகக் கண்ணில் படுவதே இல்லை! திருடன் ஓடிவிட்டாலும் கால் தடத்தை வைத்துப் பிடிக்கிறார்களே, அதுபோலக் கல் விட்டுவைக்கும் தடயங்களை வைத்துத்தான் டாக்டர் அதைப் பிடிக்கிறார். அந்தத் துப்பறியும் கதையைப் பார்ப்போமா?

சோற்றில் கிடந்த கல்லா?

"சோற்றில் கிடந்த கல்லைத் துப்பாமல் விழுங்கினாயே, அதுதான் கல்லடைப்பு" என்று சில பாட்டிகள் சொல்வார்கள். அது சரியல்ல. சோற்றோடு போன கல், குடல் வழியாக ஓரிரு நாளில் மலத்தோடு வெளியே வந்துவிடும். குடலிலிருந்து சிறுநீரகத்துக்குள் கல் நுழைய வழியே கிடையாது.

சிறுநீரகக் கல் அங்கேயே விளைவது. தூத்துக்குடிப் பக்கம் போனவர்கள் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீர் குறையக் குறைய உப்பு படிகமாகத் திரளும். நம் சிறுநீரிலும் கால்சியம், ஆக்சலேட் போன்ற பல பொருட்கள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் தாராளமாகக் குடித்தால் அவை கரைந்தபடியே வெளியேறிவிடும். குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்த்தியாகி, அவை படிகமாகத் திரள ஆரம்பிக்கும். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவைதான். சிலருக்கு உடல்வாகு காரணமாகவும், குடும்பத்தில் வழிவழியாகவும் கல் வருகிறது.

பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களைத் திட்டி என்ன பயன்? கழிப்பறையைச் சுத்தமாக வைக்க வேண்டியது பெரியவர்களாகிய எங்கள் வேலை!

சரி, கல்லுக்கு வருவோம். சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும்வரை அது பெரும்பாலும் வலிப்பதில்லை. அங்கிருந்து நழுவி, சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாயில் வந்து மாட்டிக்கொண்டால்தான் ஆட்டம் ஆரம்பம். பெரியவர்களுக்கு இந்தக் குழாயின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உங்கள் பள்ளி ஸ்கேல் நீளம். உள் அகலமோ 3, 4 மில்லிமீட்டர்தான்! அதிலும் மூன்று இடங்களில் இன்னும் குறுகலாக இருக்கும். சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம் ஒன்று, இடுப்பருகே பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம் இரண்டு, சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் மூன்று. கல் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கெல்லாம்தான். டாக்டர் தேடுவதும் இங்கெல்லாம்தான்.

கேட்காத ஒலி

மலையடிவாரத்தில் நின்று "ஓ..." என்று கத்தியிருக்கிறீர்களா? காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரொலி ஒரு விநாடியில் திரும்பினால், போக அரை விநாடி, வர அரை விநாடி. ஆக, பாறை 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஸ்கேன் இயந்திரமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் உடம்பின் தசைகளுக்குள் ஒலி இன்னும் வேகமாக ஓடும். விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். இப்போது பென்சிலை எடுங்கள். தோலிலிருந்து 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கல். போக 7.7, வர 7.7, மொத்தம் 15.4 சென்டிமீட்டர். எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! அந்த இமைப்பொழுதிலும் சிறிய இமைப்பொழுதை அளந்துதான் கல்லின் ஆழத்தை இயந்திரம் சொல்கிறது.

சாதாரண ஒலியை அனுப்பினால் போதாதா? போதாது. நாம் பேசும் ஒலியில் விநாடிக்குச் சில நூறு அதிர்வுகள்தான் இருக்கும். விநாடிக்கு 500 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், உடம்புக்குள் அந்த ஓர் அலையின் நீளம் 3 மீட்டருக்கும் மேல்! கடற்கரையில் ஒரு சிறு குச்சியை நட்டு வையுங்கள். பெரிய அலை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும் அல்லவா? அப்படித்தான் நீளமான ஒலி அலையும் சிறு கல்லைக் கண்டுகொள்ளாது. சிறிய கல்லில் பட்டுத் திரும்ப, சிறிய அலை வேண்டும். நம் காது விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் பயன்படும் ஒலியோ விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் வரை! 35 லட்சம் அதிர்வு என்றால் அலையின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காதுக்கு எட்டாத இந்த ஒலியை நாம் மீயொலி என்கிறோம்.

இதை உண்டாக்குவது எது தெரியுமா? உங்கள் சமையலறை கேஸ் லைட்டரின் சொந்தக்காரன்தான்! லைட்டரை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு படிகத்தின் மீது அடி விழும். உடனே மின்சாரம் பிறந்து பொறி பறக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள். தம்பி பியர் பிற்காலத்தில் மேரி கியூரியின் கணவர் ஆனார். இதற்குத் தலைகீழாக, மின்சாரம் கொடுத்தால் அந்தப் படிகம் அதிரும். ஸ்கேன் டாக்டரின் கையில் இருக்கும் 'புரோப்' என்ற கருவிக்குள் இப்படிப்பட்ட துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் கொடுத்ததும் அவை அதிர்ந்து ஒலியை அனுப்பும்; எதிரொலி வந்து மோதியதும் மின்சாரத்தை உண்டாக்கும். வாயும் அதுவே, காதும் அதுவே! பேசுவது நொடியில் மிகச் சிறு பங்கு. மற்ற நேரமெல்லாம் காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் எந்த ஆசிரியருக்குத்தான் கசக்கும்?

கொதிகலன் ஆலைக்குப் போன டாக்டர்

இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆலைகளில் மீயொலியைப் பயன்படுத்தி வந்தார்கள். இரும்புக்குள் விரிசல் தெரியுமென்றால் உடம்புக்குள் கட்டி தெரியாதா என்று யோசித்தார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு. 1955-இல், நோயாளிகளிடமிருந்து அறுவை செய்து எடுத்த கட்டிகளை இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஓர் ஆலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆலைக்காரர்கள் ஒரு பெரிய இறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். கட்டிகள் ஒரு மாதிரியும், இறைச்சி வேறு மாதிரியும் எதிரொலித்தன. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும், ஜான் மெக்விகர் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தார்கள். 1958-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகத்து டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்கேன் அறைக்குள் போவோம்

இப்போது நீங்களே ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நிறையத் தண்ணீர் குடி, சிறுநீர் போகாதே" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். எதற்கு இந்தத் தண்டனை? தண்டனை இல்லை, ஒரு ஜன்னலைத் திறக்கிறார்கள்! ஒலிக்குத் தண்ணீர் ஜன்னல் மாதிரி, தடையில்லாமல் உள்ளே விடும். காற்று சுவர் மாதிரி, திருப்பி அனுப்பிவிடும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல்கள் ஒதுங்கி, அதன் பின்னால் இருக்கும் சிறுநீர்க் குழாயின் கடைசிப் பகுதி நன்றாகத் தெரியும். கல் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் மூன்றாவது இடம் அதுதானே! ஆனால் ரொம்ப முட்டிக்கொண்டு வந்தால் வெட்கப்படாமல் நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனதும் வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல். "மூச்சை இழுத்துப் பிடி" என்பார் டாக்டர். ஏன்? சிறுநீரகத்தின் மேற்பாதி விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எலும்பும் ஒலியைத் தடுக்கும். மூச்சை இழுத்தால் சிறுநீரகம் சற்றுக் கீழே இறங்கி, எட்டிப் பார்க்கும்.

திரையில் என்ன தெரிகிறது? எதிரொலி அதிகம் வரும் இடம் வெள்ளை. வராத இடம் கறுப்பு. சிறுநீர் கறுப்பாகத் தெரியும். சிறுநீரகம் ஓரத்தில் சாம்பல் நிறமாகவும், நடுவில் கொழுப்பு இருப்பதால் வெள்ளையாகவும் தெரியும். கல்லும் வெள்ளைதான். வெள்ளைக்குள் வெள்ளை! பாலில் விழுந்த பஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் முதல் தடயம் கை கொடுக்கிறது. இருட்டில் டார்ச் அடித்தால், தூணுக்குப் பின்னால் நிழல் விழுமல்லவா? கல் கெட்டியானது. அதைத் தாண்டி ஒலி போக முடியாது. அதனால் கல்லுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று நீளமாக விழும். அது ஒலியின் நிழல்! வெள்ளைப் புள்ளியைத் தேடும் டாக்டரின் கண், உண்மையில் அந்தக் கறுப்பு நிழலையும் சேர்த்துத்தான் தேடுகிறது. மிகச் சிறிய கல்லுக்கு இந்த நிழலும் விழாமல் போகலாம். அப்போது அடுத்த தடயம்.

இயந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் படத்தில் வண்ணம் வரும். ரயில் ஊதிக்கொண்டே நம்மை நெருங்கும்போது ஒரு சுருதியிலும், தாண்டிப் போகும்போது வேறு சுருதியிலும் கேட்குமே, அந்த டாப்ளர் விளைவை வைத்து, அசையும் பொருட்களுக்கு இயந்திரம் வண்ணம் பூசுகிறது. கல் அசைவதில்லை. அதற்கு வண்ணம் வரக் கூடாது. ஆனால் வருகிறது! சிவப்பும் நீலமும் கலந்து, மத்தாப்புப் போல மின்னுகிறது. 1996-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் இந்த மினுமினுப்பைப் பற்றி எழுதினார்கள். கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்ணிய குமிழிகளே இதற்குக் காரணம் என்று இப்போது விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இயந்திரத்தின் குழப்பம், டாக்டருக்கு உதவி!

கல் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதியில் இருந்தால்தான் பெரிய சிக்கல். அந்தப் பகுதிக்கு முன்னால் குடல் கிடக்கிறது. குடலில் வாயு. வாயு என்றால் சுவர். கல்லும் தெரியாது, நிழலும் தெரியாது. ஆனாலும் டாக்டர் விடுவதில்லை. வயலுக்குப் போகும் வாய்க்காலில் ஒரு பாறை விழுந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மேல்பக்கம் தண்ணீர் தேங்கிக் கரை புடைக்கும். பாறையைப் பார்க்காமலே, தேங்கிய தண்ணீரைப் பார்த்து எங்கோ அடைப்பு என்று விவசாயி சொல்லிவிடுவார். அதேபோல, கல் அடைத்தால் சிறுநீரகத்தின் நடுவே சிறுநீர் தேங்கி வீங்கும். திரையில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குளம் போலத் தெரியும்.

இதிலும் ஏமாறாமல் இருக்க வேண்டும். வலி ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் வீக்கம் வராமலும் இருக்கலாம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்திருந்தால், கல் இல்லாமலே லேசான வீக்கம் தெரியலாம். அதனால்தான் சில நேரம், "போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வா, மறுபடி பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் இன்னொன்று இருக்கிறது. சிறுநீர் ஒழுகும் குழாய்போலச் சொட்டிக்கொண்டே இறங்குவதில்லை. சிறுநீர்க் குழாய் மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கி, சிறுநீரைத் தள்ளித் தள்ளி அனுப்புகிறது. அது சிறுநீர்ப்பைக்குள் பீச்சாங்குழலில் அடிப்பதுபோலப் பீய்ச்சும். வண்ணப் படத்தில் வலப்பக்கம் ஒரு தீ நாக்கு, சற்று நேரத்தில் இடப்பக்கம் ஒரு தீ நாக்கு என்று மாறி மாறித் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பீய்ச்சவே இல்லை என்றால்? அந்தப் பக்கக் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும்!

இதனால், "ஸ்கேனில் கல் தெரியவில்லை" என்றால் "கல் இல்லவே இல்லை" என்று அர்த்தமில்லை. கல்லைத் தேடுவதில் கெட்டிக்காரன் சி.டி. ஸ்கேன்தான். ஏறக்குறைய எல்லாக் கல்லையும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் நேராக அதையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அது எக்ஸ் கதிர்களால் எடுப்பது. வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதிர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், கல் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு வந்த 2,759 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014-இல் வெளியானது. முதலில் மீயொலி ஸ்கேன் எடுத்தவர்களில் சிலருக்குப் பிறகு சி.டி. தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் மொத்தத்தில் அவர்கள் உடம்பில் பட்ட கதிர் குறைவு. ஆபத்தான நோய் எதுவும் அதிகமாகத் தவறவிடப்படவும் இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் மீயொலி ஸ்கேன் எடுப்பதுதான் இன்றைய வழக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். விலாவிலோ அடிவயிற்றிலோ கடும் வலி, கூடவே குளிரும் காய்ச்சலும் என்றால், அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கலாம். அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், உயிருக்கும் ஆபத்து. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. சிறுநீர் சிவப்பாகப் போனாலும் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். "வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். வாழைத்தண்டு நல்ல உணவு. பொரியலாகவோ கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கல் எந்த இடத்தில் நிற்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று வாழைத்தண்டு சொல்லாதே!

அடுத்த முறை வீட்டில் யாராவது ஸ்கேன் எடுத்து வந்தால், கேட்டு வாங்கி அந்தப் படத்தைப் பாருங்கள். படத்தின் மேல்பக்கம் தோல். கீழே போகப் போக உடம்பின் ஆழம். கல் இருந்தால் வெள்ளைப் புள்ளிக்கு இரு பக்கமும் இரண்டு சிறிய கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் கல்லின் அளவு. ஓரத்தில் எண்ணாகவும் அச்சாகியிருக்கும். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கல் என்றால், பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும், காத்திருக்கலாம் என்பார்கள். அதற்கு மேல் போனால் வேறு யோசனைகள் வரும். அதனால் ஒரு மில்லிமீட்டர்கூட இங்கே பெரிய விஷயம். ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி, சிறிய கல்லைச் சற்றுப் பெரிதாகவே காட்டிவிடும். எந்த அளவை நம்புவது? கல்லின் நிழலை அளந்தால் உண்மைக்கு இன்னும் நெருங்கிய அளவு கிடைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்!